விமானியின் பொருளாதாரத் தாள்

“டிகிரி முடிக்காதவர் ஓட்டுற விமானத்துல தைரியமா ஏறலாமா?”

“ஏறுங்க. இறங்கினதும் நீங்களே மார்க் போடுங்க.”

முதன்முதலாகச் சந்தித்த அன்று அவர்கள் பேசிக்கொண்டது அது. அவள் கல்லூரியில் பொருளாதாரம் நடத்துபவள். அவன் இரண்டாம் ஆண்டிலேயே படிப்பை விட்டுவிட்டு விமானப் பயிற்சிக்கு ஓடியவன். கல்யாணமாகிப் பதினோரு வருடத்தில் அவனுடைய விமானத்தில் ஒன்பது முறை பறந்து, இறங்கியதும் மறக்காமல் மார்க் போட்டிருக்கிறாள். தொண்ணூற்றெட்டுக்கு மேல் போட்டதில்லை. தலைக்கனம் ஏறிவிடுமாம்.

இப்போது அந்த டிகிரிதான் குறுக்கே நின்றது. அவன் வேலை பார்க்கும் சின்ன நிறுவனத்தில் மாதம் இருபது நாள் வெளியூர் வாசம். வீட்டுக்கு வந்தால், கதவைத் திறக்கும்போதே மகள், “எத்தனை நாள் இருப்பீங்கப்பா?” என்கிறாள். பெரிய நிறுவனம் ஒன்று இந்த ஊரிலிருந்து பறக்க ஆள் எடுத்தது. அன்றன்றே வீடு திரும்பிவிடலாம். எட்டாயிரம் மணி நேரம் பறந்தவன் என்று நேர்காணலில் மெச்சினார்கள். பிறகு, வருடக் கடைசிக்குள் பட்டத்தைக் கொண்டுவாருங்கள் என்றார்கள்.

மூன்று வருடத்துக்கு முன்பே யாருக்கும் தெரியாமல் அஞ்சல் வழியில் சேர்ந்திருந்தான். ஓட்டல் அறைகளில் உட்கார்ந்து படித்தே எல்லாத் தாளையும் தாண்டிவிட்டான், ஒன்றைத் தவிர. அதுவும் எது? பொருளாதாரம். இரண்டு தடவை மண்ணைக் கவ்வியாயிற்று. மூன்றாவது பரீட்சைக்கு நாற்பது நாள்தான் இருந்தது.

அவளோ, பரீட்சை எழுதத் தெரிந்தவனுக்கெல்லாம் விமானத்தை இறக்கத் தெரியுமா என்று கல்லூரியில் அவனுக்காக மல்லுக்கு நிற்பவள். அவளிடம் போய், உன் பாடத்தில்தான் தோற்றேன் என்று எந்த வாயால் சொல்வது?

விமானம் கிளம்புமுன் ஒருவர் சரிபார்க்கும் பட்டியலை வாசிக்க, மற்றவர் அந்தந்தப் பொத்தானைத் தொட்டுப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டும். அந்தப் பழக்கத்தை வீட்டுக்கும் கொண்டுவந்திருந்தான். ஞாயிறு காலை மூவரும் வெளியே கிளம்பும்போது அவள் வாசலில் நின்று வாசித்தாள். கேஸ்? அடுப்பைத் தொட்டு, மூடியாச்சு என்றான். ஜன்னல்? தாழ்போட்டாச்சு. குடை? வாசலுக்கு வந்து செருப்பை மாட்டியபடி தோள்பையில் கைவிட்டான். குடைக்கடியில் ஒளித்துவைத்திருந்த பொருளாதாரப் புத்தகம் கையில் தட்டுப்பட்டது.

இருபது வருடமாக யாராவது வாசிக்க, கையால் தொட்டுத்தானே எல்லாம் அவன் மண்டையில் ஏறியிருக்கிறது!

புத்தகத்தை எடுத்து அவளிடம் நீட்டினான். உள்ளேயிருந்து மார்க் சீட்டு எட்டிப் பார்த்தது. முப்பத்தொன்று. அவள் நிமிர்ந்து பார்த்தாள். சிரிக்கவில்லை.

“என் பாடத்துலயா?” என்றாள் மெதுவாக.

வெளியே போகும் எண்ணத்தை விட்டு, அவன் செருப்பைக் கழற்றினான்.

“தனியாப் படிச்சா நிக்க மாட்டேங்குது. நாப்பது நாளைக்கு நீ வாசிக்கிறியா? நான் தொட்டுப் பதில் சொல்றேன்.”