நாலாவது நிழல்

1

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இது பனித்தரை ஹாக்கியைப் பற்றிய கதையாகத்தான் கிளம்பியது. குளிர் நாட்டு உள்ளரங்கில் படம் எடுப்பவர்கள் கூரைச் சட்டத்தில் பெரிய ஃப்ளாஷ் விளக்குகளை மாட்டுகிறார்கள் என்று எங்கோ படித்தேன். மேலிருந்து வெளிச்சம் வெட்டினால் ஓடுகிற ஆள் அப்படியே உறைந்து படத்தில் நிற்பார். ஆடுகிறவர்களுக்குக் கண்ணும் கூசாது. அந்தக் குறிப்பில் ஒரு வரி என்னைப் பயமுறுத்தியது. ஒவ்வொரு விளக்கையும் தனியாக ஒரு இரும்புக் கம்பியாலும் கட்டுங்கள், கீழே மனிதர்கள் விளையாடுகிறார்கள்.

ஆம்பூரில் பனித்தரைக்கு எங்கே போவது? இங்கே ஐஸ் என்றால் மீன் கூடையிலும் கரும்புச் சாற்றிலும் கிடப்பதுதான். அதனால் எல்லோருக்கும் சக்கர ஷூவை மாட்டிவிட்டேன். அரங்கம், தோல் அடுக்கி வைத்திருந்த ஒரு பழைய கிடங்கு. ஒருபக்கமாகச் சரிந்த தகரக் கூரை. பயத்தை மட்டும் மாற்றவில்லை.

2

கிறிஸ்டினா ஷூ கம்பெனியில் படம் எடுக்கிறவள். ஏழு வருடமாக அசையாத ஷூக்களை எடுத்து எடுத்து அலுத்துப்போனவள். (தைரியசாலி என்று முதலில் எழுதி, அடித்துவிட்டேன். தைரியசாலியாக இருந்தால் கதை பாதியிலேயே முடிந்துவிடும்.) ஞாயிற்றுக்கிழமை ஆம்பூருக்கும் குடியாத்தத்துக்கும் பெண்கள் ஆட்டம். அசைகிற எதையாவது உருப்படியாக எடுக்க வேண்டும் என்ற ஆசையில், கம்பெனியின் நாலு விளக்குகளைக் கேட் பாஸ் போடாமல் கொண்டுவந்துவிட்டாள். தெரிந்தால் வேலை போய்விடும்.

சனிக்கிழமை காலையில் அவளே ஏணியில் ஏறி மாட்டினாள். கடையில் கம்பி மூன்று விளக்குக்குத்தான் கிடைத்தது. நாலாவதைக் கோல் வாசலுக்குப் பக்கவாட்டில், அதை நோக்கிச் சரிந்த சட்டத்தின் மேல்முனையில் வைத்தாள். அதைச் சட்டத்தோடு பிடிக்கும் கிளாம்பில் திருகும் தேய்ந்திருந்தது. பையில் ஒரு தோல் வார் கிடந்தது. அதை இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கி முடிந்தாள்.

ஏணியைப் பிடித்திருந்த ஆம்பூர் கோச் கோவிந்தராஜ் கேட்டார். "இதுக்குக் கம்பி இல்லியாம்மா?"

"மாட்டையே கட்டலாம் சார் இதுல. நாலு கிலோ லைட்டு இன்னா பண்ணிடும்?"

"நீ சொன்னா சரிதான். எனக்கு இந்த லைட்டு சமாச்சாரம் தெரியாது."

நனைந்த தோல் இழுபடும். ஆம்பூரில் இது பச்சைக் குழந்தைக்கும் தெரியும். அன்றைக்கு வானத்தில் மேகமே இல்லை, அதனால் அவளுக்கு அது தோன்றவில்லை.

3

ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் இடைவேளைக்குப் பிறகு மழை பிடித்துக்கொண்டது. (நான்தான் வரவழைத்தேன். கதை எழுதுகிறவனுக்கு மழை ஓசி.) தகரத்தில் இரைச்சல். கூரை ஒழுகிய தண்ணீர் சட்டத்தின் வழியே இறங்கியது.

பக்கம் மாறி அந்தக் கோல் வாசலைக் காக்க வந்திருந்தவள் ஜீவா. குடியாத்தத்துத் தறி வீட்டுப் பெண், பத்தொன்பது வயது. அவள் தலைக்கவசம் பந்துக்குத் தாங்கும். இருபது அடி உயரத்திலிருந்து விழும் இரும்புக்கு

(இந்த வாக்கியத்தை முடிக்கவில்லை.)

கிறிஸ்டினா படத்தைப் பார்த்தாள். நாலு விளக்கு, ஜீவாவுக்கு நாலு நிழல். பத்துப் படம் தள்ளி மறுபடி பார்த்தாள். மூன்று நிழல் இருந்த இடத்திலேயே இருந்தன. நாலாவது குட்டையாகியிருந்தது. விளக்கு சரிவில் வழுக்கி ஜீவாவின் தலையை நோக்கி வருகிறது. வேறு யாருக்கும் இது தெரியாது. கண் சிமிட்டும் நேரத்தில் வெட்டி அணையும் வெளிச்சத்தின் நிழலை யார் பார்ப்பார்கள்?

வாயைத் திறந்தால் ஆட்டம் நிற்கும். எல்லோரும் மேலே பார்ப்பார்கள். யார் விளக்கு, எப்படி வந்தது, ஏன் வார்? ஒருவேளை கேமராதான் கோணம் மாறிவிட்டதோ? நிச்சயப்படுத்திக்கொள்ள இன்னொரு படம் எடுத்தாள். பிறகு இன்னொன்று. பயந்தவர்கள் இப்படித்தான், கத்த வேண்டிய நேரத்தில் சாட்சி சேர்ப்பார்கள்.

"இன்னாம்மா, மூஞ்சி வெளுத்துப்போச்சி?" என்றார் கோவிந்தராஜ்.

"ஒண்ணுமில்ல சார். புழுக்கம் ஜாஸ்தியா கீது."

4

முடிவுகள் சில எழுதிப் பார்த்தேன்.

அ) கத்துகிறாள். விளக்கை இறக்குகிறார்கள். திங்கட்கிழமை வேலை போகிறது. ஜீவா நன்றிகூடச் சொல்வதில்லை. விழாத விளக்குக்கு யார் நன்றி சொல்வார்கள்?

ஆ) கத்தவில்லை. விளக்கும் விழவில்லை. படம் பேப்பரில் வருகிறது, கோவிந்தராஜ் ஸ்வீட் வாங்கித் தருகிறார். இதை எழுதும்போதுதான் எனக்கு அதிகம் பயமாக இருந்தது. அடுத்த ஆட்டத்துக்கும் அவள் வாரைத்தான் கட்டுவாள்.

இ) ஜீவா பந்தைத் தடுக்கக் குனிந்தபோது மேலே திருகு

(மூன்று தடவை முயன்றேன். எழுதினால் நடந்துவிடும் என்று பயம். சிரிக்காதீர்கள்.)

5

ஆட்டம் முடிய ஆறு நிமிடம் இருக்கிறது. கடைசியாக எடுத்த படத்தில் நாலாவது நிழலே இல்லை. ஜீவாவின் காலடிக்குள் போய்விட்டது.

கிறிஸ்டினாவின் விரல் மறுபடி பொத்தானில் இருக்கிறது. அவளை எனக்குத் தெரியும், இன்னொரு படம் எடுப்பாள். நான் மட்டும் என்ன, இத்தனை பக்கம் சாட்சி சேர்த்தேனே தவிர வாயைத் திறக்கவில்லை. நீங்களும் அவள் அந்த வாரைக் கட்டியதிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள். உங்களுக்கு வேலை போகாது. கோல் வாசலில் நிற்கும் அந்தப் பெண்ணின் பெயரும் தெரியும்.

கூப்பிடுங்கள்.