செவ்வாய் வெள்ளி எண்ணெய்

கரும்பலகையின் மேல் வரிக்குக் கை எட்டாத கணக்கு டீச்சரை வைத்துக்கொண்டு எந்தப் பள்ளிக்கூடம்தான் என்ன செய்யும்? ஹெட்மிஸ்ட்ரஸ் கூடுவாஞ்சேரியிலிருந்து வீட்டுக்கே வந்தார். ஆப்பிள் பையை மேஜையில் வைத்துவிட்டு, "ஜூன்ல கை சரியா வரலேன்னா லைப்ரரியைப் பாத்துக்கோங்க சரோஜினி, ரெஸ்ட் மாதிரி இருக்கும்" என்றார். ரெஸ்டாம்! பூட்டிக் கிடக்கிற பீரோவுக்குக் காவல் இருக்கவா நான் பி.எட். படித்தேன்? வந்த ஆத்திரத்தில் அந்த ஆப்பிளை நான் தொடவே இல்லை.

வலது மார்பில் கட்டி என்று ஜனவரியில் மார்பையே எடுத்துவிட்டார்கள். உயிர் பிழைத்தேன், சந்தோஷம்தான். ஆனால் புண் ஆறிய இடத்தில் தழும்பு தடித்து, நெஞ்செலும்போடு ஒட்டிக்கொண்டு, கையைத் தோளுக்கு மேல் தூக்கவிடாமல் இழுத்துப் பிடித்தது. "நல்லா ஆறிடுச்சு. இனிமே தேங்காய் எண்ணெய் தொட்டு, தழும்பை அழுத்தித் தேய்ச்சு விடணும். கையைச் சுவர்ல ஏத்திப் பழகணும்" என்று டாக்டரம்மா சொல்லி அனுப்பினார். நானே தொட்டுத் தேய்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. அந்த வேலை என் வீட்டுக்காரர் லோகநாதனிடம் போனது.

அங்கேதான் வந்தது வினை. அவருக்குச் சாமியைவிடக் காலண்டர் பெரிது. கூடத்தில் தன் உயரத்துக்கு ஆணி அடித்து மாட்டியிருந்தார். காலையில் தேதித்தாளைக் கிழித்து, ராகுகாலம், சூலம் எல்லாம் படித்துவிட்டுத்தான் பல்லாவரத்துக்கு ட்ரெயின் ஏறுவார். பெண்கள் எண்ணெய் தேய்ப்பது செவ்வாயும் வெள்ளியும். தழும்பானாலும் உடம்பில் படுவது எண்ணெய்தானே என்று மற்ற நாளில் கிண்ணத்தையே எடுக்கமாட்டார். வெள்ளியில் அமாவாசை வந்தால் அதுவும் போச்சு. கீழ்வீட்டு கங்கையம்மாள் வேறு ஒத்து ஊதினார்: "சார் சொல்றது கரெக்டு டீச்சரம்மா. அமாவாசைல எண்ண தொட்டா வூட்டுக்கு ஆவாது."

தேய்க்கும்போதும் முகத்தைக் காலண்டர் பக்கம் திருப்பிக்கொள்வார். விரல் மேலோடு வழுக்கிக்கொண்டு போகும். எனக்கு அழுகை வரும். அதை அடக்கிக்கொண்டு, "தோசைக்கல்லுக்கா எண்ணெய் தடவறீங்க?" என்று கத்துவேன்.

ஏப்ரலில் செக்கப்புக்குப் போனோம். என் கை காது வரைக்கும்தான் போனது.

"தினமும் தேய்க்கறீங்களா?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"ஒரு செவ்வாய் வெள்ளி தவறலை டாக்டர்" என்றார் லோகநாதன், பரிசு வாங்கப் போகிறவர் மாதிரி.

"அதென்ன செவ்வாய் வெள்ளி?"

அவர் விளக்கினார், அமாவாசை உட்பட. டாக்டரம்மாவுக்குச் சிரிப்பதா திட்டுவதா என்றே தெரியவில்லை. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க வேண்டாமா? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"தழும்புக்கு நாள் கிழமை கிடையாது சார். தினம் காலையிலயும் சாயங்காலமும் தேய்க்கணும். விரல் வழுக்கக்கூடாது. ஒரு இடத்துல அழுத்தி வெச்சு, தோலையே வட்டமா நகர்த்தணும். நகருதான்னு கண்ணால பாக்கணும்."

கண்ணால் பார்க்கணும் என்றதும் அவர் தரையைப் பார்த்தார்.

அன்று புதன்கிழமை. சாயங்காலம் கிண்ணத்தோடு வந்து உட்கார்ந்தவர், முதல் தடவையாகத் தழும்பைப் பார்த்தார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். முகம் சுளித்தால் என்ன ஆவேன் என்று பயமாக இருந்தது. அவர் அழுத்திவிட்டு, "வலிக்குதா?" என்றார்.

"அங்க மரத்துக் கெடக்கு. ஆனா நீங்க அழுத்தினா கைக்கு உள்பக்கம் குறுகுறுங்குது."

"கையிலயா? எப்படி?" விரலைக் கொஞ்சம் தள்ளி வைத்தார். "இப்போ?"

"முதுகுல!"

"அட!" என்று எழுந்து போய்க் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்தார்.

அதற்கப்புறம் எங்களுக்கு அதுவே வேலையாகிப் போனது. எங்கே தொட்டால் எங்கே தெரிகிறது என்று தேடினோம். நேற்று முதுகில் தெரிந்தது இன்று அக்குளில் தெரியும். "மேல் முனை நகருது சரோ, நேத்து நகரல!" என்று அவர் கூவுவார். எனக்கும் ஆசை தாங்காமல், முகம் பார்க்கும் கண்ணாடியைச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தேன். கறுத்து மினுங்கிய கோடு, விரலுக்கு அடியில் மெதுவாக அசைந்தது. இவ்வளவு நாள் இதையா பார்க்கப் பயந்தேன்?

பள்ளிக்கூடம் திறக்கிற வாரத்தில் என் மாமனார் திதி வந்தது. அன்று எங்கள் வீட்டில் யாரும் உடம்பில் எண்ணெய் தொடமாட்டோம், தலைக்குக்கூட வைக்கமாட்டோம். என் கையோ காலண்டர் ஆணிக்கு ஒரு சாண் கீழேயே நின்றது. பலகையின் மேல் வரியும் அந்த ஆணியின் உயரம்தான். ஒரு நாளைக்கூட விட எனக்கு மனசில்லை, ஆனாலும் கிண்ணத்தை அலமாரிக்குள் வைத்துவிட்டேன். காக்காய்க்குச் சோறு வைத்துவிட்டு, நெற்றி நிறைய விபூதியோடு அவர் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வந்து நின்றார்.

"இன்னிக்கு வேணாங்க. மாமா திதி."

"அப்பா இருந்தா, இன்னுமாடா தேய்க்கலேன்னுதான் கேட்டிருப்பார். கையைத் தூக்கு."

அன்றைக்கு வந்த அழுகையை நான் அடக்கவில்லை.

ஸ்கூல் திறந்த அன்று காலையில், காலண்டர் பக்கம் போனவர் ஒதுங்கி நின்றார். "நீ கிழி."

கையைத் தூக்கினேன். தோளில் சுரீரென்றது, விடவில்லை. விரல் ஆணியைத் தொட்டுத் தாண்டியது. அங்கிருந்து இறக்கித் தாளைக் கிழித்து, படிக்கட்டும் என்று அவரிடம் நீட்டினேன்.

அவர் அதைப் பார்க்கவே இல்லை. கசக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "கிளம்பு, ட்ரெயினுக்கு நேரமாச்சு" என்றார்.