கூண்டுக் கொக்கி

மூன்றாவது சாவியும் சேரவில்லை. ஊருக்கெல்லாம் பூட்டுத் திறந்துவிட்ட மனிதரின் வீட்டைப் பூட்ட வழியில்லை என்றால் சிரிக்கத்தானே வேண்டும்! அதுவோ சாவி போட்டால்தான் பூட்டும் பழைய பூட்டு. சொந்த ஊருக்குக் கொண்டுபோக, வாசலில் நின்ற வண்டியில் அப்பாவின் உடலைக் கிடத்தியாகிவிட்டது. நாற்பது சாவிகள் கோத்த வளையத்தோடு மகள் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். எப்போதும் அப்பாவே பூட்டியதால் எந்தச் சாவி என்று தெரியாத அம்மா படியில் உட்கார்ந்திருந்தாள்.

அப்போதுதான் கிளிகள் வந்தன. சாயங்காலம் ஐந்தரை ஆனால் போதும், எங்கிருந்துதான் வருமோ, நூறு நூற்றைம்பது சேர்ந்து எதிர்வீட்டு மரத்தைச் சந்தைக்கடையாக்கிவிடும். "அதோ பாரு, நம்ம ஆளு!" என்பார் அப்பா, தினம் ஒரு கிளியைக் காட்டி. கூட்டம் பெருகியபோது, "பேரன் பேத்தி எடுத்துட்டான்" என்றார்.

நம்ம ஆள் என்பது அவர் வளர்த்த கிளி. மகளுக்கு ஒன்பது வயதாக இருந்தபோது ஒரு நாள் கூண்டு காலியாகக் கிடந்தது. பூட்டுக்காரர் கூண்டுக்குக் கொக்கி போட மறந்துவிட்டார் என்று தெருவே கேலி செய்தது. அவரும் சேர்ந்து சிரித்தார். ஆனால் அன்று முதல் எந்தப் பூட்டைப் பூட்டினாலும் இரண்டு முறை இழுத்துப் பார்ப்பார். நான்கு எட்டு நடந்து, திரும்பி வந்து மூன்றாம் முறையும் இழுப்பார். அதனால் ரயிலைத் தவறவிட்டதும் உண்டு. அதைச் சொல்லிச் சொல்லி வீடே சிரிக்கும்; அண்ணன்தான் ஆரம்பித்துவைப்பான். அவளும்தான் சிரித்திருக்கிறாள்.

"அம்மா, அன்னைக்குக் கூண்டைத் திறந்துவிட்டது நான்தான்."

அம்மா நிமிர்ந்தாள்.

"மரத்துல இருந்ததெல்லாம் கூப்பிட்டுச்சு. இதுவும் கத்திக்கிட்டே இருந்துச்சு. பாவமா இருந்துச்சும்மா. ஒவ்வொரு தடவை வரும்போதும் அப்பாகிட்ட சொல்லிடணும்னுதான் வருவேன்."

திட்டுவாள் என்று காத்திருந்தாள். அம்மா மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போன வாரம் ஆஸ்பத்திரியில கேட்டாருடி, அன்னைக்குக் கொக்கியப் போட்டேனான்னு."

"நீ என்ன சொன்னே?"

"போட்டீங்கன்னேன். ஆறுதலுக்குச் சொல்றேன்னு நினைச்சு சிரிச்சாரு." அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "நானும் பொய்னு நினைச்சுதாண்டி சொன்னேன்."

மகள் மறுபடி சாவி வளையத்தைத் திருப்பினாள். அடுத்த சாவி சேர்ந்தது. பூட்டி, இரண்டு முறை இழுத்துப் பார்த்தாள். அம்மாவைக் கைத்தாங்கலாக வண்டியில் ஏற்றினாள். பிறகு திரும்பிப் போய் மூன்றாம் முறையும் இழுத்தாள்.

இதற்கெல்லாம் முதலில் சிரிக்கும் அண்ணன், வண்டிக் கதவைத் திறந்து பிடித்தபடி நின்றுகொண்டிருந்தான்.