இரண்டு ஸ்பீக்கர், ஒரு நாற்காலி

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. நண்பர் வீட்டில் பாட்டுக் கேட்டுவிட்டு வந்த அன்று எனக்கு வயிறு எரிந்தது. எரிகிற வயிற்றோடு உட்கார்ந்து, 'என் வீட்டு ஒலியும் நண்பர் வீட்டு ஒலியும்: ஓர் ஒப்பீடு' என்று தலைப்புப் போட்டேன். கட்டுரையாகத்தான் தொடங்கினேன். தீர்ப்பை முன்கூட்டியே எழுதி வைத்திருந்தேன், என் வீடுதான் ஜெயிக்கும். பேனா என் கையில்தானே இருக்கிறது?

முதல் தொடக்கம் இது:

"நல்ல ஒலி என்பது பணத்தால் வருவதல்ல, அது ஒரு

ஒரு என்ன என்று தெரியவில்லை. இரண்டாவது:

"என் நண்பர் நல்ல மனிதர்தான், ஆனாலும்

இந்த 'ஆனாலும்'க்குப் பிறகு எழுத எவ்வளவு தேடியும் ஒன்றும் சிக்கவில்லை. கட்டுரை அங்கே படுத்துவிட்டது. எழுந்து வந்தது கதை.

2

கதையில் மூன்றே பேர்.

நான், ஒரு பத்திரிகையில் பிழை திருத்துகிறவன். வீட்டுக்கு வந்தால் கதை எழுதி, நானே பிழை செய்கிறவன்.

என் அக்கா, மருத்துவமனையில் மருந்து கொடுக்கும் பிரிவில் வேலை பார்ப்பவள். அவளும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை, நானும் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்கள் கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டார்கள். நான் எழுதும் எதையும் முதலில் படிப்பவள் அவள்தான். டாக்டர்களின் கிறுக்கலைப் படித்துப் பழகிய கண். சாப்பாட்டு மேசையில் பென்சிலோடு உட்கார்ந்து வேண்டாத வரிகளை அடித்துவிடுவாள். ஏன் என்று கேட்டால், "உனக்கே தெரியும், போ" என்பாள்.

மூன்றாவது, அந்த நண்பர், கண்ணாடிக்காரர். கண் பரிசோதித்துக் கண்ணாடி போட்டுக் கொடுக்கும் கடை வைத்திருக்கிறார். மனைவியை இழந்தவர், பிள்ளைகள் இல்லை. கடையில் லென்ஸை மாற்றி மாற்றி வைத்து, "இது தெளிவா, அது தெளிவா?" என்று கேட்பார். நாம் திணறினால், "தெரியலன்னா தெரியலன்னே சொல்லுங்க. தப்பே இல்ல" என்பார். தெரியவில்லை என்று கூச்சமில்லாமல் சொல்ல எனக்கு இடம் கொடுத்த ஒரே ஆள் அவர்தான்.

(இந்தப் பாத்திரம் எனக்கே சந்தேகமாக இருக்கிறது. இவ்வளவு நல்லவரைக் கதையில் விட்டால் யார் நம்புவார்கள்? ஆகவே ஒரு குறை சேர்க்கிறேன்: பாட்டு முடியும்வரை விருந்தாளிக்கு ஒரு வாய் தண்ணீர் தர மாட்டார். தொண்டை வறண்டு செத்தாலும் சரி.)

3

அக்காவின் கண்ணாடியைக் கொடுக்க எங்கள் வீட்டுக்கு வந்தவர், பாட்டைக் கேட்டு வாசலிலேயே நின்றுவிட்டார். பிறகு எங்களிடம் இருக்கும் அதே ஸ்பீக்கர், அதே ஆம்ப்ளிஃபயர், அதே கடையிலிருந்து வாங்கினார். ஒயர்கூட மாற்றமில்லை. அப்புறம் எங்கிருந்து வருகிறது வித்தியாசம்?

ஸ்பீக்கர் வைப்பது இரண்டு ஆள் வேலை. ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்து கேட்க வேண்டும், ஒருவர் பெட்டியை நகர்த்த வேண்டும். சரியாக அமைந்தால், பாடுகிறவள் இரண்டு பெட்டிக்கும் நடுவே, ஒன்றுமில்லாத இடத்தில் வந்து நிற்பாள். ஆனால் அந்தத் தரிசனம் ஒரே ஒரு நாற்காலிக்குத்தான். கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தால் அவள் ஏதாவது ஒரு பெட்டிக்குள் போய் ஒளிந்துகொள்வாள்.

எங்கள் வீட்டில் உட்கார்ந்தது அக்கா, நகர்த்தியது நான். "இன்னும் கொஞ்சம்... போதும், போதும்... ஐயோ, போயிட்டாடா. பழைய இடத்துக்கே வா" என்று என் இடுப்பை ஒடித்தாள்.

கண்ணாடிக்காரர் தனி ஆள். நகர்த்துவார், வந்து உட்காருவார், கேட்பார், எழுந்து போய் மறுபடி நகர்த்துவார். வைத்துப் பார்த்த ஒவ்வொரு இடத்திலும் தரையில் காகித டேப் ஒட்டுவார். மாதக்கணக்கில் இப்படி. நான் முதல்முறை பார்த்தபோது அந்தத் தரை முழுக்க டேப் துண்டுகள். சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது.

4

ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் அக்காவும் போனோம். அறையில் ஒரு நாற்காலிதான். முதலில் என்னை உட்கார வைத்தார். எங்கள் வீட்டிலும் இருக்கும் ஓர் இசைத்தட்டைப் போட்டார். மனப்பாடமான பாட்டு. ஆனால் பல்லவிக்கு முன் பாடகி மூச்சை இழுப்பது அன்றுதான் எனக்குக் கேட்டது. ஒரு பெண் பாடத் துணிகிற சத்தம் அது. என் ஸ்பீக்கரிலும் அந்த மூச்சு இருந்திருக்கும். நான்தான் எந்நேரமும் ஸ்பீக்கரைக் கேட்டுக்கொண்டிருந்தேன், பாட்டை அல்ல. அந்த மனிதர் அத்தனை டேப் ஒட்டியது இந்த ஒரு மூச்சுக்காக என்றால், அவருக்கு ஒரு கும்பிடு.

அடுத்து அக்கா உட்கார்ந்தாள். கண்ணை மூடினாள். நம் வீடு என்று நினைத்துக்கொண்டாளோ என்னவோ, "இடது பக்கத்த ஒரு விரலளவு உள்ள தள்ளுங்க" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மாதக்கணக்கில் பாடுபட்டுக் கண்டுபிடித்த இடம்! அவர் மண்டியிட்டு, ஒரு விரல் தள்ளினார்.

"இப்ப?"

"ம். வந்துட்டா."

அவருக்குத் தொழில்புத்தி விடவில்லை. "கண்ணத் திறக்காதீங்க" என்று சொல்லி, பெட்டியைப் பழைய இடத்துக்கும் புது இடத்துக்கும் மாற்றி மாற்றி வைத்தார். "இதுவா, அதுவா?" என்றார். ஒவ்வொரு முறையும் அக்கா அந்த ஒரு விரலையே சொன்னாள். அவர் சத்தமாகச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அக்காவும் கண்ணை மூடியபடியே சிரித்தாள்.

(இது கற்பனை இல்லை. கற்பனையாக இருந்தால், நம்பும்படி இருக்கட்டும் என்று ஒரு முறையாவது அவளைத் தப்பாகச் சொல்ல வைத்திருப்பேன்.)

நானும் திரும்ப உட்கார்ந்து கேட்டேன். எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. தெரியவில்லை என்றே சொன்னேன்.

5

அடுத்த முறை நான் மட்டும் போனேன். தரை துடைத்துவிட்டாற்போல் இருந்தது. டேப்பையெல்லாம் உரித்திருந்தார். இடது பெட்டியின் அடியில் ஒரே ஒரு துண்டு மட்டும், அக்கா சொன்ன இடத்தில்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் வீட்டுக்கு வருகிற அத்தனை பேரும் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். தண்ணீர் கேன் போடுகிறவர் அவளைவிடப் பெரியவர், அவருக்கும் அவள் அக்கா. இந்த மனிதர் ஒரு தடவைகூட அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. எப்போதும் 'அவங்க'தான்.

ஒரு தட்டு ஓடிக்கொண்டிருக்க, அடுத்த இசைத்தட்டைத் துடைத்தபடி, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"அவங்ககிட்ட ஒண்ணு கேட்டுச் சொல்றீங்களா? இந்த ரூம்ல இன்னொரு நாற்காலி போடலாமான்னு."

எனக்குப் புரிந்தது. புரியாததுபோல், "நடுவுல ஒண்ணுதானே போட முடியும்?" என்றேன்.

"நடுவுல அவங்க உக்காரட்டும். எனக்கு எங்க உக்காந்தாலும் கேக்கும்."

குடிக்கத் தண்ணீர் கேட்டேன். பாட்டு பாதியில் ஓடிக்கொண்டிருந்தது. அவர் கொடுத்தார்.

6

முடிவுகள்.

(அ) நான் கேட்கிறேன். அக்கா சரி என்கிறாள், போகிறாள். ஒருநாள் வீடு பெருக்கும்போது துடைப்பம் பட்டு ஸ்பீக்கர் நகர்ந்துவிடுகிறது. நாற்காலியில் உட்கார்ந்து சொல்ல ஆளில்லை. இதை எழுதும்போது எனக்குப் பயமாக இருக்கிறது. அலங்காரம் எதற்கு? பயம்தான்.

(ஆ) அக்கா வேண்டாம் என்கிறாள். 'தம்பி தனியா என்ன பண்ணுவான்' என்று. எனக்கு வசதியான முடிவு இதுதான். அதனாலேயே இதை எழுத என் கை கூசுகிறது.

(இ) அவர் எங்கள் வீட்டுக்கே வந்துவிடுகிறார். ஒரு ஹாலில் நான்கு ஸ்பீக்கர். கல்யாண மண்டபம்போல இருக்கும். வேண்டாம்.

(ஈ) நான் கேட்காமலே

இல்லை. அந்த வரியை முடிக்க மாட்டேன்.

7

வாசகரே, முடிவை உங்களிடமே விடுகிறேன் என்று எழுதுவது இந்த மாதிரிக் கதைகளில் ஒரு சௌகரியம். நானும் செய்திருக்கிறேன். ஆனால் இந்தக் கதையின் முதல் வாசகர் யார் என்பது உங்களுக்குத் தெரியும். மற்றவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா, நேரில் கேட்க எனக்கு வாய் வரவில்லை. எழுதிக் கேட்கத்தான் தெரிகிறது. இதைச் சாப்பாட்டு மேசையில் வைக்கிறேன், பென்சில் பக்கத்திலேயே இருக்கிறது. வேண்டாத வரிகளை வழக்கம்போல் அடித்துவிடு. (ஆ)வை நான் சொல்லாமலே அடிப்பாய் என்று நம்புகிறேன். எனக்காக யோசிக்காதே. வரும் வழியில் காகித டேப் ஒரு சுருள் வாங்கி வந்திருக்கிறேன். நகர்த்தி, வந்து உட்கார்ந்து, கேட்டு, எழுந்து போய் மறுபடி நகர்த்துவேன். அவரால் முடிந்தது என்னாலும் முடியும்.

ஒப்பீட்டுக்கும் தீர்ப்பு எழுதிவிடுகிறேன்: அவர் வீட்டு ஒலிதான் நன்றாக இருக்கிறது. நீ சொன்ன அந்த ஒரு விரலுக்குப் பிறகு இன்னும் நன்றாக இருக்கிறதாம். எனக்குத் தெரியவில்லை, உங்கள் இரண்டு பேருக்கும் தெரிகிறது.

கடைசி வரியைப் பாதியில் விட்டிருக்கிறேன். மீதி உன் கையெழுத்தில் இருக்கட்டும்.

கண்ணாடிக்காரரிடம் அக்கா சொல்லச் சொன்னது: