பெரட்டில் கூப்பிட்ட பெயர்கள்

அந்தக் கண்ணாடித் தட்டு வந்ததில் சிவசிதம்பரத்துக்குப் பெருமை அதிகம். பகாவுக்குப் பக்கத்து ரப்பர்த் தோட்ட ஆஸ்பத்திரியில், காயம் கட்டி ஊசி போடும் டிரெசர் அவர். இரத்தம் பார்ப்பதும் அவர் வேலைதான். முன்பெல்லாம், ஆண்பெண் உறவில் தொற்றும் மேகநோய் உண்டா என்று அறிய இரத்தத்தைக் குழாய் குழாயாகச் சிரம்பான் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டும். புதுத் தட்டில் வரிசை வரிசையாக வட்டங்கள். வட்டத்துக்கு ஒருவருடைய இரத்தநீர், அதில் ஒரு சொட்டு மருந்து. கொஞ்சம் ஆட்டிவிட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் போதும். திரிதிரியாகத் திரண்டிருந்தால் நோய். ஒரே நாளில் ஒரு தோட்டத்தையே பார்த்துவிடலாம்.

தோட்டமும் அதற்கு வாகாக இருந்தது. காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளை ஒடுக்க அவசரகாலச் சட்டம் வந்த பிறகு, சிதறிக் கிடந்த தொழிலாளர் லயங்களை ஒரே இடத்தில் சேர்த்து முள்கம்பி வேலி போட்டிருந்தார்கள். காலையில் ஆள்களைச் சோதித்த பிறகுதான் கேட் திறக்கும். இரத்தம் கொடுக்காமல் யாரும் நழுவ முடியாது.

வந்துபோகும் வெள்ளைக்கார டாக்டர், நோய் கண்டவர்களுக்கு உடனே ஊசி போடச் சொல்லியிருந்தார். ஒவ்வொருவராகத் தேடிப்போகச் சிவசிதம்பரத்துக்குப் பொறுமையில்லை. விடிகாலைப் பெரட்டில், வேலைக்குப் போகும் ஆள்கள் எல்லாரும் வரிசையில் நிற்கும்போதே, பெயர்களைக் கூப்பிட்டு ஒரு பக்கமாக நிற்கச் சொன்னார். அதில் பால்மரம் வெட்டும் மயிலம்மாளும் ஒருத்தி. என்ன ஊசி என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அவளுடைய புருஷன் நல்லசாமி எதிர் வரிசையில் நின்றான். அவன் பெயரைக் கூப்பிடவில்லை.

"எனக்கு இல்லாதது இவளுக்கு எங்கேருந்துலா வந்துச்சு?" என்று அவன் கேட்டது அத்தனை பேர் காதிலும் விழுந்தது.

அன்றே துணிமணியைத் தூக்கிக்கொண்டு தம்பி வீட்டுக்குப் போய்விட்டான். அந்த வீடும் அதே லயத்தில்தான். மயிலம்மாளுக்குப் போக்கிடம் இல்லை. பொழுது சாய்ந்து வேலிக்கு வெளியே தலை காட்டினால் பட்டாளத்தார் சுடுவார்கள். அவள் தண்ணீர் பிடித்துவிட்டுப் போனதும் மற்ற பெண்கள் குழாயைச் சாம்பல் போட்டுத் தேய்த்தார்கள்.

சில வாரங்கள் கழித்து அவளை நடுக்கலோடு ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்தார்கள். சிவசிதம்பரம் விரலில் குத்தி இரத்தம் எடுத்துப் பார்த்தார். மலேரியா. வயிற்றில் மண்ணீரல் வீங்கிக் கல்லாக இருந்தது. மாதக்கணக்காக உள்ளே கிடந்த காய்ச்சல். கை கழுவப் போனவர் அப்படியே நின்றுவிட்டார். மலேரியா உள்ள உடம்பில் தட்டு தப்பாகத் திரண்டு காட்டும், பழைய முறையில் இன்னொரு தடவை பார்த்துவிட்டுத்தான் சொல்ல வேண்டும் என்று பயிற்சியில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அவருக்கு அது மறந்துபோகவில்லை. வேகத்தில் விட்டுவிட்டார்.

காய்ச்சல் நன்றாக விட்டபின் அவள் இரத்தத்தைச் சிரம்பானுக்கு அனுப்பினார். மேகநோய் இல்லை என்று பதில் வந்தது.

"அவளிடம் மட்டும் மெல்லச் சொல்லிவிடு. வெளியே தெரிந்தால் இனி யாரும் கை நீட்டமாட்டார்கள்" என்றார் டாக்டர். அதைக் கேட்டதும் சிவசிதம்பரத்துக்கு மூச்சு வந்தது. அப்படி மூச்சு வந்ததற்கே பிறகு வெட்கப்பட்டார்.

சாயங்காலம் அவள் வீட்டு வாசலில் போய் நின்றார்.

"பிள்ளை, உனக்கு அந்த வருத்தம் இல்லை. மலேரியாவால வந்த பிழை. நான் வடிவாப் பார்க்காமச் சொல்லிப்போட்டன்."

மயிலம்மாள் அடுப்பை விட்டு எழவில்லை.

"பேரக் கூப்பிட்டது பெரட்டுல. இல்லன்னு சொல்றது மட்டும் என் காதுலயா, ஐயா?"

அவர் திரும்பி வந்தார்.

மறுநாள் பெரட்டில், வேலையை மேற்பார்க்கும் மண்டோர் வீரமுத்து ஆள் கணக்கு எடுத்து முடித்ததும் சிவசிதம்பரம் முன்னால் வந்து நின்றார். "மயிலம்மாளுக்கு அந்த நோய் இல்லை. தட்டில பிழை இல்லை, என்னில பிழை. அவசரப்பட்டுப்போட்டன்."

நல்லசாமி கையிலிருந்த பால் வாளிக்குள் பார்த்துக்கொண்டிருந்தான். அன்றைக்கு ஒதுங்கி நின்றவர்களில் மூத்தவளான தாயம்மா பின்வரிசையிலிருந்து கேட்டாள்:

"அப்ப எனக்கு, ஐயா?"

சிவசிதம்பரம் திகைத்தார். மற்றவர்களை அவர் நினைக்கவே இல்லை. காய்ச்சலில் விழுந்து கண்ணில் பட்டவள் மயிலம்மாள் ஒருத்திதான்.

"தெரியாது, அம்மா."

"தெரியாதா? இந்த வயசுல என்னயப் பேசாத பேச்சில்ல. தெரியாதுங்கிறீங்களே."

முதலில் பெயர் கூப்பிட்ட மற்ற எல்லாருடைய இரத்தமும் குழாய்களில் சிரம்பானுக்குப் போயிற்று. சிலருக்கு நோய் உண்மை. தாயம்மாவுக்கு இல்லை. இந்தத் தடவை அவர் வீடு வீடாகப் போய், எங்கே எப்படிச் சொல்லட்டும் என்று அவர்களையே கேட்டார். "பெரட்டுலயே சொல்லுங்க, நல்லா சத்தமா" என்றாள் தாயம்மா. சொன்னார்.

நல்லசாமி திரும்பி வந்தான். மயிலம்மாள் கதவைத் திறந்துவிட்டாள், சோறும் போட்டாள், பேசவில்லை. மறுபடி எப்போது பேசிக்கொள்ளத் தொடங்கினார்கள் என்று லயத்தில் யாருக்கும் தெரியாது.

அடுத்த ஆண்டு தோட்டத்தில் இரத்தம் எடுத்தபோது மயிலம்மாளும் வரிசையில் வந்தாள். கையை நீட்டினாள். அவள் முகத்தைப் பார்க்க முடியாமல், நரம்பைத் தேடுவதுபோல அவர் குனிந்துகொண்டார்.