இருபத்தைந்தாவது சுற்று

1

இந்தக் கதை என் தொப்பையிலிருந்து தொடங்கியது. கால்சட்டையின் இடுப்பைத் தளர்த்தித் தரச் சொல்லி செவ்வாய்க்கிழமை ஒரு தையல் கடைக்குப் போனேன். காத்திருந்த நேரத்தில் பின்னறைக்குள் எட்டிப் பார்த்தேன். நெஞ்சில் குத்திக்கொள்ளும் எண் துணிகள், ஒரு சாக்கு நிறையத் தொடர் ஓட்டக் கட்டைகள், ஐம்பது மீட்டர் அளவு நாடா, ஒரு பித்தளை மணி. மாவட்டத் தடகளச் சங்கத்தின் தலைமை அலுவலகம் அதுதான். ஒரே அலுவலகமும் அதுதான். தையல்காரம்மாதான் செயலாளர்.

"மணி எதுக்கும்மா?"

"கடைசி ரவுண்டுக்கு அடிக்க." வாயில் குண்டூசியோடு பதில் வந்தது. "அதனாலதான் இந்த வாரம் பூராவும் கூத்து. இடுப்பு எத்தனை இஞ்ச் விடணும்?"

"ரெண்டு."

"மூணு விடறேன். உக்காருங்க, சொல்றேன்."

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "வைகறையின் பொற்கதிர்கள் மைதானத்தைத் தழுவியபோது, அந்த வீராங்கனையின் விழிகளில் —"

தையல்காரம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். "அவ கண்ணுல வேர்வை போயிருக்கும். ரேஸ் எத்தனை மணிக்குன்னு போடுங்க," என்றார்.

ஞாயிறு காலை ஏழு மணிக்கு. பெண்கள் பத்தாயிரம் மீட்டர், இருபத்தைந்து சுற்று. ஓடியவர்கள் ஐந்து பேர். முன்னால் ஓடியவள் ஓர் ஆய்வகத்தில் நாள் முழுக்க ஊருக்கு ரத்தம் எடுப்பவள். சங்கத்தில் அவளுக்கு ஊசிக்காரி என்றே பெயர். தேசியப் போட்டிக்குப் போக முப்பத்தெட்டு நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். போன வருடம் நான்கு நொடியில் விட்டாள். இந்த வருடம் பெயர் கொடுக்க வெள்ளிக்கிழமை கடைசி நாள். வயது இருபத்தொன்பது, அடுத்த வருடத்தைப் பற்றி அவள் பேசுவதில்லை.

சுற்று எண்ணியவர் கணக்கு சார். பள்ளியில் கணக்குப் பாடம் எடுப்பவர், சங்கத்துக்குப் பத்தொன்பது வருடமாகச் சும்மா எண்ணிக் கொடுப்பவர். அவள் கடக்கும்போதெல்லாம் ஒரு அட்டையைத் திருப்ப வேண்டும், நேரத்தை எழுத வேண்டும். அட்டையில் மிச்சச் சுற்று 'ஒன்று' என்று வந்தால் மணி அடிக்க வேண்டும். அடித்தார். ஊசிக்காரி உடம்பில் இருந்ததையெல்லாம் அந்தச் சுற்றில் கொட்டி, கோட்டைத் தாண்டி விழுந்தாள். முப்பத்தாறு நிமிடம் பத்து நொடி. மாவட்டச் சாதனை. எல்லாரும் கை தட்டினார்கள். கணக்கு சார் அழுதார்.*

(* அதிகாரிகள் அழக் கூடாது என்று சங்கத்தின் விதிப் புத்தகத்தில் எங்கும் இல்லை. தேடிப் பார்த்துவிட்டேன்.)

3

திங்கட்கிழமை கணக்கு சார் ஆசிரியர் அறையில் உட்கார்ந்து நேரத் தாளைச் சுத்தமாகப் பிரதி எடுத்துக்கொண்டிருந்தார். தொண்ணூறு, தொண்ணூற்றொன்று, தொண்ணூறு, நாற்பத்தொன்று.

பேனா நின்றது. நானூறு மீட்டரை நாற்பத்தொரு நொடியில் ஓட மோட்டார் சைக்கிள் வேண்டும். அடுத்த எண் நாற்பத்தொன்பது. இரண்டையும் கூட்டினால் தொண்ணூறு. அவருக்குப் புரிந்துவிட்டது. ஊசிக்காரிக்குப் பின்னால், ஒரு சுற்று பின்தங்கி, அதே தடகள மன்றத்துப் பச்சைப் பனியனில் இன்னொரு பெண் வந்தாள். அவளுக்கும் அட்டையைத் திருப்பிவிட்டார். ஊசிக்காரி ஓடியது இருபத்துநான்கு சுற்றுதான்.

வேறு யாருக்கும் தெரியாது. அந்தத் தாளை அவரைத் தவிர யாரும் படிக்கப் போவதில்லை.

[அவர் தாளை நான்காக மடித்து, சட்டைப் பையில் —]

இந்த வாக்கியத்தை முடிக்க மூன்று முறை முயன்றேன். அப்படி ஒரு மனிதர் உண்மையை மறைத்தால்தானே கதை சூடு பிடிக்கும். அவர் ஒத்துழைக்கவில்லை. மதியச் சாப்பாட்டைக்கூடத் திறக்காமல் நேரே ஆய்வகத்துக்குப் போய், டோக்கன் எடுத்து, வரிசையில் நின்றார்.

"எந்தக் கை சார்?" என்றாள் ஊசிக்காரி.

"ரத்தம் எடுக்க வரலைம்மா," என்று தாளை நீட்டினார்.

அவள் ஒவ்வொரு எண்ணாக விரல் வைத்துப் பார்த்தாள். பிறகு, "நானும் மனசுக்குள்ள எண்ணிட்டுதான் சார் இருந்தேன்," என்றாள். "இன்னும் ரெண்டு இருக்குன்னு தோணுச்சு. மணி அடிச்சதும், சார் தப்பு பண்ண மாட்டாரு, நம்ம கணக்குதான் தப்புன்னு விட்டுட்டேன்."

அவள் திட்டியிருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

5

மூன்றுக்குப் பிறகு ஐந்து. கவனித்தீர்களா? 'எழுதுகிறவருக்குத் தெரியாததா' என்று விட்டுவிட்டீர்களா? வேண்டுமென்றே செய்தேன் என்று சொல்லிப் பெருமையடிக்கலாம். உண்மையில், தாளைத் திருப்பும்போது விட்டுப்போனது. திருத்தப் போனேன், கை வரவில்லை. இருக்கட்டும். ஊசிக்காரி தனியாக ஏமாந்ததாக இருக்க வேண்டாம்.

கணக்கு சார் வந்து விஷயத்தைச் சொன்னதும் தையல்காரம்மா விதிப் புத்தகத்தை எடுத்தார். சங்கத்தின் பிழையால் கெட்ட பந்தயத்தை ஒரு வாரத்துக்குள் மறுபடி நடத்தலாம். மூன்று பேராவது புறப்பட வேண்டும். நீண்ட தூரத்தில் ஆள் போதாவிட்டால் ஆணும் பெண்ணும் சேர்ந்து ஓடலாம். மற்ற நான்கு பெண்களுக்கும் போன் போட்டார். இருவருக்குத் தேர்வு, ஒருத்திக்குக் கணுக்கால் வீக்கம். இன்னொருத்தி, "ஒரே வாரத்துல ரெண்டு பத்தாயிரமா? ஆளை விடுங்கக்கா," என்றாள்.

"அப்ப மூணு பேருக்கு எங்க போறது?" என்றார் கணக்கு சார்.

தையல்காரம்மா கழுத்தில் கிடந்த நாடாவை எடுத்து அவர் மார்பைச் சுற்றினார். "நாப்பத்திரண்டு. ஆரஞ்சுத் துணி கொஞ்சம் மிச்சம் இருக்கு. அந்தக் கலர்ல உங்களை யாரும் வேற ஆளுன்னு நினைக்க முடியாது."

"எனக்கு அம்பத்துமூணு வயசு."

"எனக்கு நாப்பத்தெட்டு. புறப்படணும்னுதான் விதி. முடிக்கணும்னு இல்ல."

6

புதிதாகப் பதிவு செய்கிறவர்களுக்கு ரத்தப் பரிசோதனை கட்டாயம். விதியை எழுதியதும் தையல்காரம்மாதான். கணக்கு சாருக்கு ஊசி என்றால் உயிர் போய்விடும்.

"வலிக்காது சார்," என்றாள் ஊசிக்காரி.

"பொய் சொல்றே."

"ஆமா. ஆனா சீக்கிரம் முடிஞ்சிடும். கண்ணை மூடிட்டுப் பத்து வரைக்கும் எண்ணுங்க."

எண்ணினார்.

"எட்டை விட்டுட்டீங்க சார்."

அவர் திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்தார். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். திங்கட்கிழமைக்குப் பிறகு அவள் சிரித்தது அப்போதுதான். எட்டை அவர் விடவில்லை. ரத்தம் எடுத்து முடிந்து, கையில் பஞ்சு ஒட்டியிருந்தது.

7

வியாழன் காலை ஆறு மணி. என் கால்சட்டையை வாங்க மைதானத்துக்கு வரச் சொன்னார் தையல்காரம்மா. வந்தேன். கையில் சுற்று அட்டைகளையும் மணியையும் திணித்தார். "அவரு ஓடறாரு, நானும் ஓடறேன். நீங்க எழுத்தாளர்தானே, சும்மாதானே இருக்கீங்க. எண்ணுங்க."

நேரம் எடுக்க இரண்டு பேர் கடிகாரத்தோடு நிற்கிறார்கள். சுற்றுக்கு மட்டும் நான்.

தையல்காரம்மா மூன்று சுற்றில் ஒதுங்கி, இடுப்பைப் பிடித்தபடி புல்லில் உட்கார்ந்துவிட்டார். கணக்கு சாரும் ஒதுங்கியிருக்கலாம். ஒதுங்கவில்லை. பழுத்த ஆரஞ்சாக உருண்டு உருண்டு வருகிறார். என்னைக் கடக்கும்போதெல்லாம் தன் எண்ணிக்கையைக் கேட்பதில்லை, "அவளுக்கு எத்தனை?" என்றுதான் கேட்கிறார்.

முடிவுக்கு இரண்டு வரைவு எழுதிவைத்திருந்தேன். முதலாவதில் முப்பத்தேழு ஐம்பத்தெட்டு, எல்லாரும் கட்டிப்பிடிக்கிறார்கள். இரண்டாவதில் முப்பத்தெட்டு பூஜ்யம் ஒன்று, எல்லாரும் கௌரவமாகத் தோற்கிறார்கள். இரண்டையும் மடித்துப் புதிதாகத் தளர்த்திய கால்சட்டையின் பையில் போட்டுவிட்டேன். அவள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்போது நான் எப்படிக் கோட்டைத் தாண்டுவது?

என் பிரச்சினை வேறு. இப்போது அவளும் கணக்கு சாரும் என்னை ஒன்றாகவே கடக்கிறார்கள். கடிகாரக்காரர் உரக்கச் சொல்கிறார்: முப்பத்தாறு இருபத்துநான்கு. அவளுடைய வழக்கமான சுற்று தொண்ணூறு நொடி. முப்பத்தெட்டு நிமிடத்துக்கு மிச்சம் தொண்ணூற்றாறு. என் கை மணியின் மேல் இருக்கிறது. ஆனால் என் யோக்கியதை உங்களுக்குத் தெரியும். நான் நான்கை விட்டவன்.

அவள் அட்டையைப் பார்க்கவில்லை. மணிக்கும் காத்திருக்கவில்லை. எங்களைப் பார்த்து ஒரு விரலை உயர்த்திக் காட்டுகிறாள். ஒன்று.

அவளுக்குப் பின்னால் மூச்சிரைக்க ஓடும் ஆரஞ்சுப் பனியனும் ஒரு விரலை உயர்த்துகிறது.

பிடியுங்கள், இந்த மணியை. அடியுங்கள்.