அம்மாவின் கார்டில் மெர்சி

ஆம்பூர் ஷூ கம்பெனியில் தையல் வேலை பார்க்கும் அம்மாவின் இ.எஸ்.ஐ. கார்டில்தான் மெர்சிக்கு ஆஸ்துமா மருந்து கிடைத்துவந்தது. சின்ன வயதில் அம்மா அரைநாள் லீவு போட்டு இந்த இ.எஸ்.ஐ. மருந்தகத்துக்கு அழைத்துவருவாள். மருந்து வாங்கியதும் இருவரும் வாசல் வேப்பமரத்தடியில் சுண்டல் தின்பார்கள். அம்மா முழுசாகக் கிடைக்கும் அந்த அரைநாளுக்காகவே மெர்சி பொய்யாக இருமியதும் உண்டு.

இன்று அம்மா மருந்தகக் கிளார்க்கிடம் பெருமையாக மெர்சியின் கல்யாணப் பத்திரிகையை நீட்டினாள்.

"இன்னாக்கா, நீயே வந்து மாட்டிக்கினியே! கல்யாணம் ஆய்ட்டா பொண்ணு பேரை எடுத்துடணும். மாப்பிள்ளைக்கு கார்டு இருக்குதா?"

"ஆட்டோ ஓட்றாரு," என்ற அம்மாவின் முகம் வாடியது.

மெர்சி மெதுவாகச் சொன்னாள். "உன் கம்பெனியில பேக்கிங்குக்கு ஆள் எடுக்கறாங்கம்மா. நான் சேர்ந்தா என் பேர்லயே கார்டு வரும்."

"அவங்க வூட்ல வேலைக்கு விடுவாங்களாடி?"

"விட்டா கல்யாணம். இல்லன்னா உன் கார்டுலயே இருந்துட்டுப் போறேன்."